இரண்டாவது சர்வர்

2007 ஏப்ரல் 16, திங்கட்கிழமை. ஓசூர் சிப்காட்டில் உள்ள தென்பெண்ணை ஆட்டோ காம்போனென்ட்ஸ் ஆலையின் கேட்டில் காலை ஒன்பது மணியிலிருந்து பத்தே முக்கால் வரை ஐந்து லாரிகள் பில் இல்லாமல் நின்றன.

சரக்கு ஏற்றி, தார்ப்பாய் கட்டியாகிவிட்டது. டிஸ்பாட்ச் கவுன்டரில் பிரின்டர் மட்டும் காகிதத்தைத் தள்ளவில்லை. ஐந்தில் மூன்று லாரிகள் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி பெங்களூரு போக வேண்டியவை. பதினோரு மணிக்கு மேல் அங்கே வரிசை நீளும் என்று டிரைவர்கள் கன்னடத்திலும் தமிழிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலைதான் ஆலையின் சப்ளையர் பக்கம் இன்டர்நெட்டில் முதன்முறையாகத் திறக்கப்பட்டிருந்தது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் எல்லைக்கு அந்தப் பக்கமும் இருந்த நாற்பத்து மூன்று சிறு பட்டறைகள் ஆலைக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்தன. எந்த வாரம் எது எத்தனை வேண்டும் என்ற அட்டவணையும் அதற்கான டிராயிங்குகளும் அதுவரை பேக்ஸில் போயின. இனி அவர்களே திறந்து பார்த்துக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தை வெளியே காட்டும் வெப் சர்வரும், உள்ளே பில், ஸ்டோர்ஸ், உற்பத்தி எல்லாவற்றையும் நடத்தும் அப்ளிகேஷன் சர்வரும் மார்ச்சில் வாங்கிய ஒரே மெஷினில் இருந்தன. எட்டரை மணிக்கு சப்ளையர்கள் டிராயிங்குகளைத் திறக்கத் தொடங்கினார்கள். ஒன்பது மணிக்கு பில் நின்றது. பத்தே முக்காலுக்குக் கமலக்கண்ணன் சப்ளையர் பக்கத்தை மூடினார். லாரிகள் போயின.

கமலக்கண்ணன் கம்ப்யூட்டர் பிரிவின் பொறுப்பாளர். ஆலையில் அந்தப் பிரிவை இன்னும் ஈ.டி.பி. என்ற பழைய பெயரில்தான் சொல்வார்கள். கோவில்பட்டிக்காரர், முப்பத்து நான்கு வயது, இங்கே வந்து மூன்று வருடம். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த பாஸ்கரன், யு.பி.எஸ். பேட்டரிகளைத் தன் மச்சான் கடையில் வாங்கினார் என்பதற்காக ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர். பேட்டரிகள் இன்னும் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன.

அன்று பிற்பகல் ஆலை மேலாளர் சௌந்தரராஜன் கமலக்கண்ணனைக் கூப்பிட்டார். சௌந்தரராஜன் தருமபுரிக்காரர். லேத் ஆபரேட்டராகச் சேர்ந்து முப்பது வருடத்தில் மேலாளர் ஆனவர். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் கம்பெனி காரில் வருவார்.

"மார்ச்சுல ஒரு மெஷின் போதும்னு நீதானே எழுதிக் குடுத்தே?"

"அப்ப சப்ளையர் பக்கம் கிடையாது சார். உள்வேலை மட்டும்தான்."

"இப்ப இன்னொண்ணு வேணுங்கிறே."

"ஆமா சார். வெளியாளுக்குக் காட்ட ஒண்ணு, உள்வேலைக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே மெஷின்ல இருந்தா, அங்க கூட்டம் வரும்போது இங்க மூச்சு முட்டுது."

சௌந்தரராஜன் மேசையில் கிடந்த ஒரு பிஸ்டனை எடுத்து உருட்டினார். "நான் மெஷின் ஷாப்புல இருந்தப்ப ரெண்டு மெஷின்ல நடந்த வேலையை ஒரே பிடிப்புல ஒரே மெஷின்ல முடிச்சேன். அதுக்கு எனக்கு வெள்ளித் தட்டு குடுத்தாங்க. ஒரு மெஷின்ல கழட்டி இன்னொரு மெஷின்ல மாட்டினா அளவு போயிடும்பா. நீ தலைகீழா சொல்றே."

"இது கம்பியைக் கடையற மெஷின் இல்லையே சார். சர்வர்."

"சர்வர்னா எனக்குத் தெரியாதா? மூக்கொண்டப்பள்ளி மெஸ்ல நாகம்மாள் தானே வடிக்குது, தானே பரிமாறுது. அடுப்படிக்கு ஒரு ஆளு, பந்திக்கு ஒரு ஆளுன்னு அது கேக்கல."

"ஷிப்ட் விட்டு நாப்பது பேர் ஒண்ணா உள்ள போனா அங்க என்ன ஆகுதுன்னு பாத்திருக்கீங்களா சார்?"

"பாத்திருக்கேன். காத்துக்கிட்டு உக்காந்தா சோறு வரும்."

கமலக்கண்ணன் வேறு பக்கமாக வந்தார். "இன்னொண்ணும் இருக்கு சார். டிராயிங் எல்லாம் அந்த மெஷின்லதான் இருக்கு. வெளியாள் வந்து நிக்கிற வாசலும் பீரோவும் ஒரே ரூம்ல இருக்கு. எவனாவது கதவைத் தள்ளினா கை நேரா பீரோவுக்குப் போயிடும்."

சௌந்தரராஜன் சிரித்தார். "நான் எவனையும் நம்ப மாட்டேன்னு உனக்குத் தெரியும். என் சந்தேகத்தை வெச்சே எனக்கு மெஷின் விக்கிறியா?"

டீலரை வரச் சொல், பேசலாம் என்று அனுப்பிவைத்தார்.

புதன்கிழமை பெங்களூரு டீலரிடமிருந்து மோகன்குமார் வந்தார். மார்ச்சில் மெஷினைக் கொண்டுவந்து நிறுவியவர் வேறொருவர். மோகன்குமார் அந்தக் கம்பெனியில் சேர்ந்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இருபத்தாறு வயது, சங்கரன்கோவில் பக்கம். கமலக்கண்ணனும் அவரும் அதற்குமுன் பார்த்துக்கொண்டதில்லை.

கூட்டத்தில் நான்கு பேர். நாலாவது ஆள் சுப்ரியா, கமலக்கண்ணனின் கீழ் வேலை பார்த்த புரோகிராமர். கிருஷ்ணகிரிப் பெண், எட்டு மாதம் முன்பு சௌந்தரராஜனே நேர்முகம் செய்து எடுத்தவர்.

இரண்டு மெஷின் வேண்டும் என்று மோகன்குமார் சொன்னார். சௌந்தரராஜன் சுப்ரியாவின் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணே போதும்னு நான் நினைக்கிறேன் சார்," என்றார் சுப்ரியா. "கரண்ட் போனா இப்ப யு.பி.எஸ். நாப்பது நிமிஷம் தாங்குது. ரெண்டு மெஷின் மாட்டினா இருபது கூடத் தாங்காது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஒயர் போகும். அது போனா ரெண்டும் சும்மா நிக்கும். பாத்துக்கிறதுக்கு ஆள் நாங்க ரெண்டு பேர்தான். சப்ளையர்களை நேரம் பிரிச்சுப் பாக்கச் சொல்லலாம். ஓசூர்க்காரங்க ஒன்பது மணி, கிருஷ்ணகிரிக்காரங்க பத்து மணின்னு."

"நேரம் பிரிச்சா யாரும் கேக்க மாட்டாங்கம்மா," என்றார் கமலக்கண்ணன். "எல்லாருக்கும் திங்கட்கிழமை காலையில லேத்துக்குக் கம்பி போடணும்."

"சொல்லிப் பாத்தாத்தானே தெரியும் சார்."

அப்போது டீ வந்தது. நான்கு பேருக்கு மூன்று கோப்பை. மோகன்குமார் தன் முன்னால் வைத்ததை எதிரே இருந்த கமலக்கண்ணனிடம் நகர்த்தினார்.

"நீங்க குடிங்க அண்ணாச்சி. நான் பொறவு குடிச்சுக்கிடுதேன்."

"இருக்கட்டும், எடுத்துக்கிடுங்க தம்பி," என்றார் கமலக்கண்ணன்.

சௌந்தரராஜன் தன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

தெற்கே அண்ணாச்சி என்பது தன்னைவிட மூத்த எந்த ஆணையும் கூப்பிடும் சொல். பஸ் கண்டக்டர் அண்ணாச்சி, வாத்தியார் அண்ணாச்சி, முன்பின் தெரியாத பக்கத்து சீட்டுக்காரரும் அண்ணாச்சி. ஓசூரில் அந்தச் சொல் மளிகைக் கடைக்காரர்களோடு வந்து சேர்ந்தது. அவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம், ஒரு கடையிலிருந்து இன்னொரு கடை முளைக்கும் என்பது இங்கே பொதுவான எண்ணம். மூன்று வருடமாகக் கமலக்கண்ணனை ஓசூரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சார் என்பார்கள், இல்லையென்றால் அண்ணா. கேட்டதும் நாக்கு தானாகத் தன் ஊருக்குப் போய்விட்டது. மேலாளரின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மறுநாள் காலை சௌந்தரராஜன் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க," என்றார்.

சௌந்தரராஜன் தனக்குக் கீழே உள்ளவர்களை நீ என்றுதான் பேசுவார். நீங்க என்றால் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்கரனைக் கடைசி ஒரு வாரம் நீங்க என்றுதான் கூப்பிட்டார் என்று ஆலையில் சொல்வார்கள். கமலக்கண்ணன் உட்கார்ந்தார்.

"நேத்து வந்தாரே, மோகன்குமார். உங்களுக்கு என்ன வேணும்?"

கமலக்கண்ணனுக்கு இரவெல்லாம் இரண்டாவது மெஷின்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். கம்பெனிக்குத்தான் வேணும்."

சௌந்தரராஜன் அவரையே பார்த்தார். "வேண்டாம்னு சொல்றீங்கன்னா, தர்றேன்னு சொன்னானா?"

"யாரு சார்? என்ன தர்றேன்னு?"

"நான் கேட்டது உறவு. அவன் உங்களுக்கு என்ன உறவுன்னு கேட்டேன். நீங்க வேற எதுக்கோ பதில் சொல்றீங்க."

அந்தப் பையனை நேற்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன், எங்கள் பக்கம் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம் என்றார் கமலக்கண்ணன். சொல்லச் சொல்ல, தேவைக்கு மேல் சொல்கிறோம் என்று அவருக்கே தோன்றியது.

"சரி, உறவில்ல," என்றார் சௌந்தரராஜன். "மார்ச்சுல ஒரு மெஷின் போதும்னு சொல்லி வாங்க வெச்சீங்க. ஏப்ரல்ல லாரி நிக்குது. அன்னிக்கு மத்தியானமே ரெண்டாவது மெஷின் வேணுங்கிறீங்க. டீலரும் அதே சொல்றான். உங்களுக்குக் கீழ இருக்கிற பொண்ணு மட்டும் வேண்டாங்குது. நான் என்ன நினைக்கட்டும்?"

"மறுபடியும் டெஸ்ட் பண்ணிக் காட்டறேன் சார். வர்ற திங்கட்கிழமை."

"நீங்க காட்டக் கூடாது. ஷாப்புல என்ன ரூல்? ஓட்டினவன் தன் பீஸைத் தானே பாஸ் பண்ணக் கூடாது. காவேரி வந்து பாக்கட்டும்."

காவேரி இன்ஸ்பெக்ஷன் பிரிவில் பதினான்கு வருடம் இருந்தவர். வேப்பனப்பள்ளியில் மாந்தோப்பு வைத்த குடும்பம், வீட்டில் தெலுங்கு. ஒரு முறை மேலாளரின் மைத்துனர் பட்டறையிலிருந்து வந்த முழு லாட்டையும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பியவர். சனிக்கிழமை ஈ.டி.பி. அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பில் அடிக்க எத்தனை செகண்ட் ஆகுதுன்னு ஸ்டாப்வாட்ச்ல எடுப்பேன். எட்டரையிலிருந்து பத்து வரைக்கும். எவ்வளவு லோடுல எடுத்தேன்னும் எழுதணும். சப்ளையருங்க எத்தனை பேர் பாத்தாங்கன்னு எங்க தெரியும்?"

சுப்ரியா அந்தப் பதிவைத் திறந்து காட்டினார். யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று வரி வரியாக இருந்தது.

"இதை டெஸ்ட் முடிஞ்சதும் எனக்குக் காகிதத்துல குடுங்க. நீங்க ரெண்டு பேரும் எட்டரையிலிருந்து பத்து வரைக்கும் இந்த ரூமுக்குள்ள வரக் கூடாது."

"டிஸ்பாட்ச்ல நிக்கலாமா மேடம்?" என்றார் கமலக்கண்ணன்.

"தள்ளி நிக்கலாம்."

ஞாயிறு மாலை மத்திகிரியில் கமலக்கண்ணன் குடியிருந்த தெருவில் காற்று எழுந்தது. அவர் மனைவி வினிதா மொட்டை மாடிக்கு ஓடித் துணிகளை அள்ளிக்கொண்டு வந்தாள். அரசு கால்நடைப் பண்ணையின் பக்கம் இடி விழுந்தது போலச் சத்தம் கேட்டது. கரண்ட் போனது.

"பாஸ்கரன் வீட்டம்மா இன்னும் பின்தெருவுலதான் இருக்காங்க," என்றாள் வினிதா, துணிகளை நாற்காலியில் போட்டுக்கொண்டே. "கடையில பாத்தா கம்பெனிக்காரங்க யாரும் அவங்ககிட்ட பேச மாட்டாங்க. நானும் பேசினதில்ல."

"அவர் வாங்கினது அவர் மச்சான்கிட்ட. எனக்கு யாரு இருக்கா?"

"அண்ணாச்சின்னு கூப்பிட்டானே. அது போதாதா?"

திங்கட்கிழமை, ஏப்ரல் 23. எட்டு மணிக்குக் கமலக்கண்ணன் சப்ளையர் பக்கத்தைத் திறந்துவிட்டு அறையைப் பூட்டினார். எட்டரைக்குக் காவேரி டிஸ்பாட்ச் கவுன்டரில் ஸ்டாப்வாட்சோடு நின்றார். முதல் பில் முப்பத்தெட்டு செகண்ட். ஒன்பது மணிக்கு முப்பத்தொன்பது. ஒன்பதரைக்கு முப்பத்தெட்டு. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டைத் தாண்டின. பத்து மணிக்குக் காவேரி வாட்சை நிறுத்தினார். கடைசி பில்லும் முப்பத்தெட்டு.

தூணருகே நின்ற கமலக்கண்ணன் கவுன்டரை நோக்கி வந்தார்.

சௌந்தரராஜன் அங்கேயே வந்து தாளை வாங்கிப் பார்த்தார். "ஒரே மெஷின். ரெண்டு வேலை. முப்பத்தெட்டு செகண்ட்," என்றார். "அப்ப போன வாரம் என்ன நடந்ததுன்னு சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுங்க. உங்க கைப்பட."

விளக்கக் கடிதம். பாஸ்கரனும் முதலில் ஒரு விளக்கக் கடிதம்தான் எழுதிக் கொடுத்தார்.

பத்தரைக்குச் சுப்ரியா சப்ளையர் பதிவைக் காகிதத்தில் எடுத்தார். கமலக்கண்ணன் அதை அவர் கையிலிருந்து வாங்கினார். எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை ஒரு வரியும் இல்லை. முதல் சப்ளையர் வந்த நேரம் பத்து மணி பன்னிரண்டு நிமிடம். அதன் பின் கடகடவென்று வரிசை.

அதுவரை இன்டர்நெட் லைனே இருந்திருக்கவில்லை. டெஸ்ட் முடிந்து பன்னிரண்டு நிமிடம் கழித்து யாரோ அதை மாட்டியிருக்கிறார்கள். அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று அவரிடம், இன்னொன்று சுப்ரியாவிடம்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்குப் போனீங்க?" என்றார் கமலக்கண்ணன்.

"ஆறு மணிக்கு. ஏன் சார்?"

"நான் அஞ்சுக்கே போயிட்டேன். ஒரு மணி நேரம் தனியா இருந்திருக்கீங்க."

சுப்ரியா நிமிர்ந்தார். "நான் லைனைப் பிடுங்கினேங்கிறீங்களா?"

"ஒரு மெஷின் போதும்னு சொன்னது நீங்கதானே."

"போதும்னு நினைச்சேன், சொன்னேன். தப்புன்னா டெஸ்ட்ல தெரியட்டும்னு இருந்தேன். நீங்க மோகன்குமார்கிட்ட கமிஷன் பேசினீங்கன்னு டிஸ்பாட்ச்ல சொல்றாங்க சார். நான் நம்பல. நீங்க என்னைப் பத்தி ஒரு நிமிஷத்துல தப்பா நம்பிட்டீங்க."

அவர் காகிதத்தைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு நேரே இன்ஸ்பெக்ஷனுக்குப் போனார். கமலக்கண்ணன் பின்னால் போனார்.

காவேரி காகிதத்தைப் படித்தார். தன் டெஸ்ட் ரிப்போர்ட்டில் லோடு என்று போட்ட கட்டத்தில் சைபர் எழுதினார். பிறகு ரிப்போர்ட்டின் குறுக்கே கோடு போட்டார்.

"பிரஷர் ஏத்தாம பிரேக் டியூபை டெஸ்ட் பண்ணா, ஒழுகலன்னு எழுத முடியுமா? இது டெஸ்டே இல்ல." எழுந்து கொண்டார். "அந்த இன்டர்நெட் லைன் உங்க ரூமுக்கு எங்கேருந்து வருது?"

அதுவரை கமலக்கண்ணன் அதை யோசிக்கவில்லை. லைன் மெயின்டெனன்ஸ் அறைச் சுவரில் இருந்த ஒரு பெட்டியிலிருந்து டெலிபோன் ஒயர் வழியாக வந்தது. அங்கே எலக்ட்ரீஷியன் முனிவேல் டீ குடித்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"முனிவேலு, இந்தப் பெட்டியை யார் தொட்டது?" என்றார் காவேரி.

"நான்தான்க்கா. நேத்து இடி இடிச்சுது. பிடுங்கி வெச்சேன். இப்பதான் மாட்டினேன்."

"பிடுங்கச் சொன்னது யாரு?"

முனிவேல் பெட்டிக்கு மேலே கையைக் காட்டினார். மஞ்சளாகிப்போன ஒரு தாள் ஒட்டியிருந்தது. இடி இடித்தால் டெலிபோன் ஒயரைப் பிடுங்கவும். இப்படிக்கு பாஸ்கரன், ஈ.டி.பி.

"முன்ன ஒரு மோடம் கருகிப் போச்சுக்கா. அதிலிருந்து இடின்னா பிடுங்கிடுவேன். பத்து மணி டீ முடிஞ்சதும் மாட்டுவேன். பாஸ்கரன் சார் பதினோரு மணிக்குத்தான் இன்டர்நெட் லைன் போடுவாரு. யாரும் எதுவும் சொன்னதில்ல."

கமலக்கண்ணன் சுப்ரியாவைப் பார்த்தார். அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சௌந்தரராஜன் இதை எளிதில் ஏற்கவில்லை. "நேத்து கிருஷ்ணகிரியில ஒரு பொட்டு மழை இல்ல," என்றார். "இது யார் சொல்லிக் குடுத்த கதை? போன சம்மர்ல எல்லாம் பிடுங்கலியா?"

"பிடுங்கினேன் சார். அப்ப யாருக்கும் காலையில லைன் வேணாம்," என்றார் முனிவேல்.

சௌந்தரராஜன் கேட்டிலிருந்து வாட்ச்மேன் ரிஜிஸ்டரை வரவழைத்தார். ஞாயிறு மாலை ஐந்து நாற்பது: பலத்த இடி, மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர் ஓடியது. பக்கத்தைத் திருப்பி, தாள் புதிதாகச் செருகப்பட்டதா என்று தையலைத் தடவிப் பார்த்தார். பிறகு மூடினார்.

"அடுத்த திங்கள் மறுபடி எடும்மா," என்றார் காவேரியிடம். கமலக்கண்ணனிடம், "லெட்டர் சாயங்காலம் வரணும்," என்றார்.

"இன்னும் எதுக்கு சார்?"

"போன வாரத்துக்கு. அது இன்னும் தீரலியே."

கடிதத்தில் கமலக்கண்ணன் நடந்ததை மட்டும் எழுதினார். கடைசி வரியில் டீலரின் பிரதிநிதி எனக்கு உறவினர் அல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்த வாரம் முழுவதும் சுப்ரியா அவரிடம் வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினார். வெள்ளிக்கிழமை கமலக்கண்ணன், "நான் கேட்டது தப்பு," என்றார். சுப்ரியா, "சரி சார்," என்றார். அவ்வளவுதான். மோகன்குமார் இரண்டு முறை செல்போனில் அழைத்தார். கமலக்கண்ணன் எடுக்கவில்லை. மூன்றாம் முறை லேண்ட்லைனில் வந்தபோது, பக்கத்தில் சுப்ரியா இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, சத்தமாக, "எதுவானாலும் மேலாளர்கிட்ட பேசுங்க மிஸ்டர் மோகன்குமார்," என்றார்.

"என்ன அண்ணாச்சி, மிஸ்டருங்கீய?"

கமலக்கண்ணன் ரிசீவரை வைத்துவிட்டார்.

ஏப்ரல் 30, திங்கட்கிழமை. காவேரி ஏழே முக்காலுக்கே மெயின்டெனன்ஸ் அறைப் பெட்டியைச் சோதித்து, மூடியின் மேல் தன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒட்டினார். ஈ.டி.பி. அறைக் கதவிலும் ஒன்று. சாவி இரண்டையும் வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். சுப்ரியா சொன்ன யோசனையும் அந்த வாரம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஓசூர்ப் பட்டறைகள் எட்டரை மணிக்கும் மற்றவை ஒன்பதரைக்கும் திறக்க வேண்டும் என்று எல்லாருக்கும் பேக்ஸ் போயிருந்தது.

முதல் பில் முப்பத்தெட்டு செகண்ட். எட்டு ஐம்பதுக்கு ஒன்றரை நிமிடம். ஒன்பது பத்துக்கு நான்கு நிமிடம். ஒன்பது முப்பத்தைந்துக்குத் தொடங்கிய பில் ஒன்பது நிமிடம் இருபது செகண்ட் எடுத்தது. கேட்டில் நான்கு லாரிகள் நின்றன. சௌந்தரராஜன் காவேரியின் தோளுக்குப் பின்னால் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார், பில்லு இன்னும் வெந்துக்கினு இருக்குதா?" என்றார்.

பத்து மணிக்குக் காவேரி தானே ஒட்டிய காகிதங்களைத் தானே கிழித்தார். பதிவில் முப்பத்தேழு சப்ளையர்கள். அதில் முப்பத்து நான்கு பேர் எந்த ஊர் என்ற பேதமில்லாமல் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் திறந்திருந்தார்கள். சுப்ரியா அதை இரண்டு முறை எண்ணினார்.

"கேக்க மாட்டாங்கன்னு நீங்க சொன்னது சரி சார்," என்றார் கமலக்கண்ணனிடம். "ஆனா யு.பி.எஸ். பத்தி நான் சொன்னதும் சரி."

"சரிதான். அதையும் எழுதுங்க."

காவேரியின் ரிப்போர்ட் ஒரு பக்கம். கீழே முடிவு என்ற இடத்தில், இரண்டு வேலையும் ஒரே மெஷினில்: பாஸ் இல்லை, என்று இருந்தது.

சௌந்தரராஜன் அதைத் தன் அறையில் வைத்து மூன்று பேர் முன்னிலையில் படித்தார். பிறகு பெங்களூருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரை ஏன் போட்டார் என்று தெரியவில்லை. கமலக்கண்ணன் கேட்கட்டும் என்றிருக்கலாம், கமலக்கண்ணனின் முகத்தைப் பார்க்க என்றும் இருக்கலாம்.

"மோகன்குமார், சௌந்தரராஜன் பேசறேன். ரெண்டாவது சர்வர் வாங்கறோம். உங்ககிட்ட வாங்கல. வேற இடத்துல பாக்கறோம்."

மறுமுனையில் அந்தக் குரல் உடைந்தாற்போல் வந்தது.

"ஏன் அண்ணாச்சி? நாங்க என்ன தப்பு பண்ணோம்? சொல்லுங்க அண்ணாச்சி."

சுப்ரியா தலையைக் குனிந்துகொண்டார். காவேரி ஜன்னலைப் பார்த்தார். சௌந்தரராஜனின் கை போனின் மேல் அப்படியே இருந்தது. ஐம்பத்தாறு வயதில் அவரை முதன்முதலாக ஒருவர் அண்ணாச்சி என்று கூப்பிட்டிருந்தார்.

"தப்பு ஒண்ணும் இல்ல," என்று சொல்லி போனை வைத்தார். கமலக்கண்ணனைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போவது போல இருந்தது. "நீங்க போகலாம்," என்றார்.

மே 28 அன்று கோயம்புத்தூர் டீலர் ஒருவரிடமிருந்து இரண்டாவது சர்வர் வந்தது. கூடவே ஒரு யு.பி.எஸ். வெப் சர்வர் புதிய மெஷினுக்கு மாறியது. ஜூன் 4, திங்கட்கிழமை, நாற்பத்தொரு சப்ளையர்கள் திறந்திருந்த நேரத்தில் பில் நாற்பது செகண்டில் வந்தது. முனிவேலின் பெட்டிக்கு மேலிருந்த தாளை எடுத்துவிட்டு, சுப்ரியாவைக் கேட்காமல் பிடுங்கக் கூடாது என்று புதிய தாள் ஒட்டினார்கள்.

வாங்குவதற்கான குறிப்பில் காவேரியும் சுப்ரியாவும் கையெழுத்திட்டிருந்தார்கள். கமலக்கண்ணனின் பெயர் அதில் இல்லை. ஏப்ரல் 23ஆம் தேதி விளக்கக் கடிதத்தைத் தன் பைலிலிருந்து எடுத்துவிடும்படி அவர் ஜூனில் எழுதிக் கேட்டார். கடிதம் எடுக்கப்படவில்லை. அவர் எழுதிக் கேட்ட தாளும் அதே பைலில் வைக்கப்பட்டது.